எந்தப் படபடப்புக்குப் பயப்பட வேண்டும்? உங்கள் இதய ஆபத்துக் கணக்கை வீட்டிலேயே எழுதும் வழி

படபடப்பு வந்து டாக்டரிடம் ஓடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு உயிருக்கு ஆபத்து எதுவும் இருக்காது. ஆனால் திடீரென்று சுருண்டு விழுந்து இறந்துபோகிறவர்களில் பல பேருக்கு அதற்கு முன்னால் ஒரு நாள்கூடப் படபடப்பு வந்திருக்காது. அதனால் நெஞ்சு எவ்வளவு வேகமாக அடித்தது என்பதை மட்டும் வைத்துப் பயப்படுவதும் வீண், தைரியமாக இருப்பதும் வீண். பார்க்க வேண்டியது மூன்று விஷயம். இது ஏற்கெனவே அடிபட்ட இதயமா? குடும்பத்தில் யாராவது காரணம் தெரியாமல் சின்ன வயதில் போயிருக்கிறார்களா? இப்போது உடம்புக்குள் என்னென்ன மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது? இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரே தாளில் எழுதிவிடலாம். டாக்டர் முன்னால் நமக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம்தான், அந்த ஐந்து நிமிடம் வீணாகாமல் இருக்கத்தான் இந்தத் தாள்.

முதலில் எந்த ஓட்டம் ஆபத்து

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருந்தால் சரி. மாடி ஏறினால், காய்ச்சல் வந்தால், பையனின் பிளஸ் டூ ரிசல்ட் திறக்கும்போது அது 120, 130 போவதும் சரிதான். அது மெல்ல ஏறி மெல்ல இறங்கும். எந்தக் காரணமும் இல்லாமல் சட்டென்று 180-க்குத் தாவி, கால் மணி நேரம் ஓடிவிட்டு, சட்டென்று நிற்பது வேறு. அது எஸ்விடி என்கிற வகையாக இருக்கலாம். இதயத்தின் மேல் பாதியில் கிளம்புவது, இளம்பெண்களிடம் அதிகம் பார்ப்பது, ஆளை மிரட்டும், ஆனால் வேறு கோளாறு இல்லாத இதயத்தில் உயிரை எடுப்பது மிக அபூர்வம். அப்லேஷன் என்ற சிகிச்சையில் அந்தத் தப்பான பாதையைச் சுட்டு அணைத்துவிட்டால் பெரும்பாலோருக்கு அத்தோடு முடிந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் மேல் அறை சமாச்சாரம்தான், அதில் முதல் கவலை பக்கவாதம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

நாம் பயப்பட வேண்டியது கீழ் அறைகளில் கிளம்பும் ஓட்டத்துக்கு. வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா, சுருக்கமாக விடி. அது முற்றினால் விஎஃப், அதாவது ஃபிப்ரிலேஷன். அப்போது கீழ் அறை துடிப்பதில்லை, வெறுமனே நடுங்குகிறது. ரத்தம் மேலே ஏறாது. சில நொடிகளில் நினைவு போய்விடும். இதையும் ஹார்ட் அட்டாக்கையும் நம் ஊரில் ஒன்றாகவே பேசுகிறோம். அட்டாக் என்பது ரத்தக் குழாய் அடைப்பு. இது மின் ஓட்டக் கோளாறு. முதலாவது இரண்டாவதைக் கிளப்பிவிடலாம், அதிலும் அட்டாக் வந்த முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். நெஞ்சு வலியை 'கேஸு' என்று சோடா குடித்து ராத்திரியைத் தள்ளுகிறவர்களில் பலர் இப்படித்தான் போகிறார்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பழைய அட்டாக் உள்ள ஒருவருக்கு நாடி 170 ஓடுகிறது, ஆனால் அவர் திண்ணையில் உட்கார்ந்து நம்மோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் "பேசறாரே, ஒன்றும் இல்லை" என்று விட்டுவிடக் கூடாது. விடி ஓடும்போதும் சிலர் கொஞ்ச நேரம் தெளிவாகப் பேசுவார்கள். அவரை பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு போகாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பழைய ஃபைலில் தேட வேண்டிய இரண்டு எழுத்து

35 வயதுக்கு மேல் வரும் திடீர் இதயச் சாவுகளில் பெரும்பகுதிக்குப் பின்னால் இருப்பது ரத்தக் குழாய் நோய். அட்டாக்கில் செத்த தசை தழும்பாக மாறுகிறது, அந்தத் தழும்பைச் சுற்றித்தான் மின் ஓட்டம் வட்டமடித்து விடியைக் கிளப்புகிறது. அட்டாக் வந்து பத்து வருடம் ஆகிவிட்டது, ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனி என்ன என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: ஸ்டென்ட் குழாயைத் திறக்கும், பழைய தழும்பை அழிக்காது.

சரி, எவ்வளவு தழும்பு, எவ்வளவு ஆபத்து என்று எப்படித் தெரிந்துகொள்வது? பீரோவில் அந்தப் பிளாஸ்டிக் பையில் இருக்கும் எக்கோ ரிப்போர்ட்டை எடுங்கள். அதில் 'ஈஎஃப்' அல்லது 'எல்விஈஎஃப்' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு சதவீதம் இருக்கும். இடது கீழ் அறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை பங்கு வெளியே போகிறது என்ற கணக்கு அது. 55-க்கு மேல் என்றால் நன்று. 40-க்குக் கீழே என்றால் இதயம் பலவீனம். 35 அல்லது அதற்கும் கீழே என்றால், மூச்சு வாங்காமல் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாலும், "எனக்கு ஐசிடி வேண்டுமா?" என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். ஐசிடி என்பது தோளுக்குக் கீழே தோலுக்கு அடியில் வைக்கும் கருவி. ஆபத்தான ஓட்டம் வந்தால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்து நிறுத்தும். மனிதருக்கு முதன்முதலில் வைத்தது 1980-இல். 2021-இல் யூரோ கோப்பை ஆட்டத்தில் மைதானத்திலேயே விழுந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இந்தக் கருவியோடுதான் மறுபடி பந்து விளையாட வந்தார்.

அட்டாக் வந்த வாரமே எடுத்த எக்கோவை வைத்து இதை முடிவு செய்ய மாட்டார்கள். அதிர்ச்சியில் இருக்கும் தசை கொஞ்சம் தேறும். பொதுவாக அட்டாக் முடிந்து 40 நாளாவது போகட்டும், ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்திருந்தால் மூன்று மாதம் மருந்து எடுக்கட்டும், பிறகு மறுபடி எக்கோ பார்ப்போம் என்பார்கள். நம்மவர்கள் கோட்டை விடுவது இந்த இரண்டாவது எக்கோவைத்தான். டிஸ்சார்ஜ் ஆனோம், மாத்திரை வாங்கினோம், நோம்பி வந்தது, மறந்தோம். உங்கள் ஃபைலில் 30 என்று ஒரு ரிப்போர்ட் இருந்து, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை என்றால், திங்கட்கிழமை காலையில் போய் அடுத்ததை எடுத்துவிடுங்கள்.

சர்க்கரை, பிரஷர், புகை, கொழுப்பு எல்லாம் ஆபத்துக் காரணங்கள்தான். அவை பெரும்பாலும் இந்த அட்டாக் வழியாகத்தான் வந்து சேர்கின்றன என்பதால் அவற்றைத் தனியாக விரிக்கவில்லை.

அம்மிச்சியிடம் கேட்க வேண்டியவை

இதுதான் பலரும் தொடவே தொடாத பகுதி. 35 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் திடீர்ச் சாவில் முன்னால் நிற்பவை பரம்பரைக் கோளாறுகள். இதயச் சுவர் தடித்துப்போகும் ஹெச்சிஎம் என்ற நோய் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அதாவது ஒரு பெரிய கல்யாண மண்டபம் நிறைந்தால் அதில் ஒன்றிரண்டு பேர். அதுபோக லாங் க்யூடி, ப்ருகாடா, சிபிவிடி என்று எக்கோவில் தெரியாத மின் கோளாறுகள் இருக்கின்றன. இதயம் பார்க்க அப்பழுக்கில்லாமல் இருக்கும், தப்பு இருப்பது செல்லுக்குள் உப்புகள் போய்வரும் வழியில்.

ஒரு தாளில் நடுவே உங்கள் பெயர். மேலே அப்பா, அம்மா. அதற்கு மேலே அப்பாரு, அப்பத்தா, அப்புச்சி, அம்மிச்சி. பக்கவாட்டில் சித்தப்பா, அத்தை, மாமன், சின்னம்மா, அவர்களுடைய பிள்ளைகள். குலதெய்வக் கோவில் பொங்கலுக்குப் பங்காளிகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடுவார்கள் என்பதால் அப்பா வழி விவரம் சுலபமாகக் கிடைத்துவிடும். ஆனால் இந்தக் கோளாறுகளுக்குப் பங்காளி வகை, மாமன் வகை என்ற பாகுபாடெல்லாம் தெரியாது. அம்மா வழியிலும் அதே அளவுக்கு வரும். பங்காளி வகையை மட்டும் விசாரித்தால் பாதிக் கணக்குத்தான்.

கேட்கும்போது "நம்ம குடும்பத்துல யாருக்காச்சும் ஹார்ட் நோய் இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள், "அதெல்லாம் இல்ல கண்ணு" என்றுதான் வரும். சாவைப் பற்றிக் கேளுங்கள்.

"அம்மிச்சி, சின்ன மாமன் எப்படிப் போனாரு?"

"அவன் நல்லாத்தான் இருந்தான் சாமி. கெணத்துல குதிச்சவன் மேல வரல."

"நீச்சல் தெரியாதா?"

"அவனா? மீனாட்ட நீந்துவான்."

இந்தக் கடைசி வரிக்கு ஒரு கார்டியாலஜிஸ்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். லாங் க்யூடியில் முதல் வகை உள்ளவர்களுக்கு நீச்சல் ஒரு பெயர் பெற்ற தூண்டுதல். நன்றாக நீந்தத் தெரிந்த பையன் கிணற்றிலோ வாய்க்காலிலோ காரணமில்லாமல் மூழ்கினான் என்றால் அதைத் தண்ணீர்ச் சாவு என்று மட்டும் எழுதிவிட முடியாது. இரண்டாவது வகைக்கு திடீர்ச் சத்தம் ஆகாது: விடியக்காலை அலாரம், பக்கத்தில் வெடித்த அணுகுண்டுப் பட்டாசு. மூன்றாவது வகைக்குத் தூக்கமே தூண்டுதல்.

தூக்கம் என்றதும் இன்னொரு கதை எல்லா ஊரிலும் இருக்கும். முப்பது, முப்பத்தைந்து வயது ஆண், ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவன் காலையில் எழவில்லை, "முனி அடிச்சிருச்சு" என்று முடித்துவிட்டார்கள். முனியைப் பற்றி எனக்கு ஒரு சண்டையும் இல்லை, ஆனால் 1992-இல் ப்ருகாடா சகோதரர்கள் விவரித்த கோளாறு ஏறக்குறைய இதே உருவத்தில்தான் வரும்: ஆண்களிடம் அதிகம், தூக்கத்தில் அதிகம், காய்ச்சலின்போது அதிகம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். இருப்பது தெரிந்தால், காய்ச்சல் வந்த உடனே பாராசிட்டமால் போட்டு இறக்குவது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

தாளில் குறிக்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. நேரான ரோட்டில் காரணமில்லாமல் வண்டியோடு சாய்ந்தவர்கள். கபடியிலோ ஓட்டத்திலோ மயங்கி விழுந்தவர்கள். ஓடி முடித்து நின்றபின் தலைசுற்றுவது வேறு, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுவது வேறு, பின்னதற்கு விளையாட்டை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்த்த பிறகுதான் மற்றது. அப்புறம், 'வலிப்பு' என்று மாத்திரை சாப்பிட்டும் நிற்காதவர்கள். மூளைக்கு ரத்தம் போகாமல் நின்றாலும் கை கால் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று பெயர் வைத்த எல்லாருக்கும் ஒரு தடவையாவது இசிஜி எடுத்திருக்க வேண்டும், எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

நம் பக்கத்துக்கு என்று ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். முறைப் பெண், முறை மாப்பிள்ளை என்று சொந்தத்திலேயே கட்டிக்கொண்ட வீடுகள் நிறைய. அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே பழுதான ஜீன் இருந்து இரண்டும் குழந்தைக்கு வந்தால் மட்டும் வெளிப்படும் நோய்கள் இப்படிப்பட்ட வீடுகளில் கூடுதல். அதில் ஒன்று, 1957-இல் விவரிக்கப்பட்ட ஜெர்வெல், லாங்கே-நீல்சன் நோய். குழந்தைக்குப் பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது, கூடவே லாங் க்யூடியும் இருக்கும். காது கேட்காத குழந்தை ஓடும்போதோ அழும்போதோ பயந்தாலோ மயங்கி விழுகிறது என்றால் தாமதிக்கவே கூடாது. மயங்கியதே இல்லை என்றாலும், காதுக்குள் கருவி வைக்கும் காக்ளியர் அறுவைக்குப் போகும் முன் ஒரு இசிஜி பார்த்துவிடுங்கள். ஒரு இசிஜிக்கு ஆகும் செலவு, அந்தக் குழந்தைக்கு வாங்கும் பொம்மையைவிடக் குறைவு.

தெற்காசியர்களில் 100 பேரில் 4 பேரிடம் இதயத் தசைப் புரதம் ஒன்றின் ஜீனில் 25 எழுத்து விடுபட்டிருப்பதாக 2009-இல் ஒரு ஆய்வு வந்தது, இதயத் தசை நோயோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகவும் சொன்னது. வாட்ஸப்பில் அவ்வப்போது சுற்றும். அதற்காக எல்லாரும் ஜீன் டெஸ்டுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. முதலில் தாள், பிறகு இசிஜி, எக்கோ. ஜீன் டெஸ்ட் அதற்கும் பிறகு, டாக்டர் சொன்னால்.

மெடிக்கல் கடை 'செட்'

பல்லடமோ சோமனூரோ, சாயங்காலம் ஏழு மணிக்கு எந்த மெடிக்கல் கடை முன்னால் நின்றாலும் இது காதில் விழும்: "ஏனுங்க, காலையில இருந்து வயித்தால போகுதுங்க, வாந்தியும் இருக்குதுங்க, ரெண்டு வேளைக்கு ஒரு செட்டு குடுங்க." கடைக்காரர் பேசிக்கொண்டே கத்தரிக்கோலால் நான்கு அட்டைகளில் இருந்து இரண்டிரண்டு மாத்திரை வெட்டி ஒரு காகித கவரில் போடுவார். வெட்டிய துண்டில் பெயர் பாதிதான் இருக்கும்.

அந்த கவருக்குள் வழக்கமாக என்ன இருக்கும்? வாந்திக்கு ஆண்டன்செட்ரான் அல்லது டொம்பெரிடோன். பேதிக்கு ஆஃப்ளாக்சசின் அல்லது சிப்ரோஃப்ளாக்சசின் கலந்த ஒன்று. தொண்டையும் வலிக்கிறது என்றால் அசித்ரோமைசின். இவை ஒவ்வொன்றும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரத்தை, இசிஜியில் க்யூடி என்று அளப்பதை, நீட்டக்கூடியவை. அது மிஞ்சி நீண்டால் கீழ் அறையில் ஆபத்தான ஓட்டம் கிளம்பலாம். நல்ல உடம்பில் ஒரு மாத்திரை தனியாகப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த ஆளுக்குப் பேதியில் பொட்டாசியமும் மெக்னீசியமும் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது. அவர் பிரஷருக்குச் சாப்பிடும் மாத்திரையின் பெயர் முடிவில் 'ஹெச்' இருக்கிறது, அந்த 'ஹெச்' சிறுநீர் பிரிக்கும் மருந்து, அதுவும் பொட்டாசியத்தை இறக்கும். வயது 65. பெண் என்றால் இந்த வகை ஓட்டத்துக்கு ஆபத்து இன்னும் கூடுதல். எல்லாம் ஒரே நாளில் ஒரே உடம்பில் சேரும்போதுதான் விபரீதம்.

கேஸ் மாத்திரையில் 'டி' அல்லது 'டிஎஸ்ஆர்' என்று முடிவதைப் பாருங்கள். அதில் டொம்பெரிடோன் இருக்கிறது. 2014-இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் கொடுங்கள், இதய மின் கோளாறு உள்ளவர்களுக்குக் கொடுக்காதீர்கள் என்று குறுக்கியது. இங்கே அதை வெறும் வயிற்றில் தினம் ஒன்று என்று வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. மன அழுத்தத்துக்கான எஸ்சிட்டலோப்ராம், மனநோய்க்கான ஹாலோபெரிடால், பூஞ்சைக்கான ஃப்ளூகனசோல் இவையும் இந்தப் பட்டியலில் வரும். இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், திடீரென்று நிறுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. எல்லா அட்டைகளையும் கட்டில் மேல் பரப்பி, பெயர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, அடுத்த முறை யார் மருந்து எழுதினாலும் முதலில் அந்தப் போட்டோவை நீட்டுங்கள். கடையில் வாங்கினாலும் சரி.

பொட்டாசியம் ரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து என்பதுதான் இதில் வம்பு. பேதி, வாந்தி, லேசிக்ஸ் போன்ற நீர் மாத்திரை, வருடத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு எடுக்கும் பேதி மருந்து, எல்லாம் குறைக்கிற பக்கம். இதயம் பலவீனமானவருக்கு அந்த பேதிச் சடங்கு வேண்டவே வேண்டாம். வயிறு போனால் ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கரைத்துக் குடிப்பது நல்லது, அதில் பொட்டாசியமும் கணக்காகச் சேர்த்திருக்கிறார்கள். கூட்டுகிற பக்கம் பார்த்தால் சிறுநீரகக் கோளாறு, ஸ்பைரனோலாக்டோன், ராமிப்ரில், டெல்மிசார்ட்டான் போன்ற இதய, பிரஷர் மாத்திரைகள். இந்த வகை ஆட்களுக்குப் போய், பொள்ளாச்சி இளநீராச்சே, உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினம் இரண்டு வெட்டிக் கொடுப்பது பாசம்தான், ஆனால் இளநீர் முழுக்கப் பொட்டாசியம். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அது விளையாட்டு இல்லை.

ஏப்ரல், மே மாதங்களில் கரூர் பரமத்தி, ஈரோடு பக்கம் வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நீர் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளி அந்த வெயிலில் வேர்த்துக் கொட்டி, சாப்பாடும் இறங்காமல் இரண்டு நாள் படுத்தால், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டருக்கு ஒரு போன் போடுவது நல்லது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தைராய்டு கூடினால் மேல் அறை ஓட்டம் வரும். மிதமிஞ்சிய குடியும் அப்படியே, கிடா விருந்து முடிந்த மறுநாள் படபடப்போடு வருகிறவர்களை டாக்டர்களுக்கு நன்றாகத் தெரியும். சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறவர்கள் அதற்குத் தனியாகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டு வேளை காப்பி பற்றிக் கவலை வேண்டாம். நைட் ஷிப்ட்டுக்கு எனர்ஜி டிரிங் மூன்று கேன் என்பது வேறு கதை.

இசிஜியை எப்படிப் பத்திரப்படுத்துவது, எதைப் பார்ப்பது

படபடப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஒரு இசிஜி, நின்றபின் செய்யும் பத்து டெஸ்டுக்குச் சமம். ஆகவே அந்த நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரியைத் தேடிக் கோவை வரை போகாதீர்கள், பக்கத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையம், எந்த கிளினிக்கில் மெஷின் இருக்கிறதோ அங்கே போய் எடுக்கச் சொல்லுங்கள். நெஞ்சு வலியோடு போனால், 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் அடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தருகிறார்கள்.

வாங்கிய இசிஜியை அப்படியே ஃபைலில் சொருகாதீர்கள். பல மெஷின்கள் தெர்மல் காகிதத்தில் அடிக்கின்றன, பஸ் டிக்கெட்போல் கொஞ்ச காலத்தில் வெளுத்துவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் ஒன்று, போனில் போட்டோ ஒன்று, தேதியோடு.

காகிதத்தில் சின்னக் கட்டம் 0.04 நொடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. இரண்டு உயரமான முனைகளுக்கு நடுவில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300-ஐ அதால் வகுத்தால் நாடித் துடிப்பு: நான்கு கட்டம் என்றால் 75. மேலே மெஷின் அடித்திருக்கும் வரிகளில் 'க்யூடிசி' என்று ஒரு எண் இருக்கும், நாடி வேகத்துக்குத் தக்கபடி திருத்திய க்யூடி அது. ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 460 வரை பெரும்பாலும் கவலை இல்லை. 500-ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நடுவில் இருந்தால் மாத்திரைப் போட்டோவோடு போய்க் காட்டுங்கள். மெஷின் தப்பாக அளப்பதும் உண்டு, டாக்டர் கையால் அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைச் சொல்லலாம். அது 'நார்மல்' என்று காட்டினால் கீழ் அறையில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் ஆகாது. மாஸ்டர் செக்கப்பும் அப்படித்தான்: ஒரு நாள், ஓய்வாகப் படுத்திருக்கும்போது, பத்து நொடி எடுத்த இசிஜி. சிபிவிடி உள்ள பிள்ளைக்கு அது அச்சு அசலாக நார்மலாக இருக்கும், ட்ரெட்மில்லில் ஓட விட்டால்தான் தெரியும். குடும்பத் தாளில் ஏதாவது இருந்தால் அந்தத் தாளைக் காட்டி ட்ரெட்மில் வேண்டுமா, ஒரு நாள் முழுக்க உடம்பில் மாட்டி இசிஜி பதியும் ஹோல்டர் வேண்டுமா என்று கேளுங்கள்.

வெள்ளியங்கிரிக்கும் பழனிக்கும் முன்னால்

பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களில் பாதி வழியில் விழுந்து இறப்பவர்களைப் பற்றிச் செய்தி வராத வருடம் அண்மையில் இல்லை. ஏழு மலை, ராத்திரி ஏற்றம், தூக்கம் இல்லை, விரதம், உச்சியில் குளிர், இதெல்லாம் சேர்ந்து ஒரு பழுதான இதயத்தைச் சோதிப்பதற்கென்றே வைத்ததுபோல் இருக்கும். இதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையும் சொல்கிறது. ஈஎஃப் குறைந்தவர்கள், ஏறும்போது மயங்கிய அனுபவம் உள்ளவர்கள், வீட்டில் சின்ன வயதுத் திடீர்ச் சாவு உள்ளவர்கள், முதலில் டாக்டர், பிறகு ஈசன். அடிவாரத்தில் பூண்டி கோவில் இருக்கிறது, அங்கே கும்பிட்டாலும் கேட்கும். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள் கால் வலிக்கு வழியில் வாங்கும் மாத்திரையையும் தினசரி இதய மாத்திரையையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளாதீர்கள். நடக்கும் நாட்களில் மாத்திரையை விடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது கூடாது.

யாராவது விழுந்தால்

கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது மீன் வாய் திறப்பதுபோல் அவ்வப்போது ஒரு இழுப்பு மட்டும். அந்த இழுப்பு மூச்சு இல்லை. ஒருவர் 108, ஒருவர் நெஞ்சு. நெஞ்சுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மேலே இன்னொரு கை, முழங்கை மடங்காமல், 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நெஞ்சு முழுசாக மேலே வரட்டும். களைத்தால் ஆள் மாறுங்கள். ஒன்றும் செய்யாமல் நின்றால், கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதம் கரைகிறது. வாயில் தண்ணீர் ஊற்றுவது, கையில் சாவிக் கொத்து வைப்பது, எலுமிச்சம்பழம் தேய்ப்பது எல்லாம் அந்த நிமிடங்களைத் தின்னும். பக்கத்தில் ஏஇடி பெட்டி (வெளியிலிருந்து ஷாக் கொடுக்கும் கருவி) இருந்தால் திறங்கள், அதுவே என்ன செய்ய வேண்டும் என்று பேசும், தேவை இல்லாத ஷாக் கொடுக்காது.

தோட்டத்தில் மோட்டார் போடப் போய் கரண்ட் அடித்து விழுந்தாலும் இதே விஎஃப் வரும். முதலில் மெயின் ஆஃப், அப்புறம்தான் ஆளைத் தொடுவது. நல்ல இதயமாக இருந்தால் உடனே அழுத்த ஆரம்பித்ததில் பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

ஐசிடி வைத்துக்கொண்டவர்களுக்கு

வைத்தபின் எல்லாரும் கேட்பது வேலைக்குப் போகலாமா என்பதுதான். பனியன் கம்பெனி தையல், கோழிப் பண்ணை, தறி, மளிகைக் கடை, இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் தடை இருக்காது. போனைக் கருவி இருக்கும் பக்கத்துச் சட்டைப் பையில் வைக்காதீர்கள், 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் இரண்டடி தள்ளி நில்லுங்கள். ஆர்க் வெல்டிங், பெரிய மோட்டார் டெஸ்டிங், கோவை ஃபவுண்டரிகளில் இருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ், இவை மூன்றும் தனி வகை. இவற்றின் காந்தப் புலத்தைக் கருவி இதயத் துடிப்பு என்று தப்பாக எடுத்துக்கொண்டு தேவையில்லாமல் ஷாக் அடிக்க வாய்ப்பு உண்டு. அதற்காக முதல் நாளே ராஜினாமா எழுதிவிட வேண்டாம். என்ன மெஷின், எத்தனை ஆம்பியர், எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போய்க் கருவி வைத்த டாக்டரிடம் காட்டுங்கள். வேலைக்குத் திரும்பலாம் என்றால், கொஞ்ச நாள் கழித்துக் கருவியைப் படித்துப் பார்க்கச் சொல்லலாம், வெளி மின் குறுக்கீடு எதையாவது அது பிடித்திருந்தால் நேரத்தோடு பதிவாகி இருக்கும். ஒரு ஷாக் அடித்து உடம்பு நன்றாக இருந்தால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள். அடுத்தடுத்து இரண்டு, மூன்று அடித்தால், அடித்தபின் மயக்கம், நெஞ்சு வலி என்றால் 108. கருவியோடு தரும் அட்டை மணிபர்ஸில் இருக்க வேண்டும், அதன் போட்டோ வீட்டில் இன்னொருவர் போனிலும் இருக்கட்டும், எம்ஆர்ஐ எடுக்கப் போகும் இடத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.